விரல் படாமல் வெடிக்காது

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்க மூணு பேரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? அண்ணி வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறியா, இல்லை அலமாரியில அழகுக்கு வெச்சிருக்கியா? உங்க கேம்ப் வாசல்லயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க. சாயங்காலம் கூப்பிட்டா ரெண்டு 'ம்' போட்டுட்டு வெச்சிடறே. எழுதினாத்தான் நீ வாயைத் திறப்பே, அதான் எழுதறேன்.

விஷயம் உன் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரரைப் பத்தி. பதினாலு வருஷமா அந்தப் பணவண்டியில காவலுக்குப் போறார். இடுப்புல இருக்கறது அதே பழைய பிஸ்டல். இப்ப கம்பெனியில எல்லார்கிட்டயும் பழசை வாங்கிட்டு புதுசு தர்றாங்க. புதுசுல கட்டைவிரலால தள்ளுற பூட்டே கிடையாதாம். தோட்டாவைக் குழலுக்குள்ள ஏத்தி, அப்படியே இடுப்புல வெச்சுக்கணுமாம். "பூட்டு இல்லாத கதவை இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கச் சொல்றாங்க"ன்னு புலம்பறார். பத்து நாளா கையெழுத்துப் போடாம இழுத்தடிக்கிறார். சூப்பர்வைசர், "பிடிக்கலேன்னா கிடங்குல போய் உக்காரு"ன்னுட்டானாம்.

கண் ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீ இருபத்தாறு வருஷமா போலீஸ் துப்பாக்கியைக் கழட்டி மாட்டற ஆள். பழசு பத்திரமா, புதுசு பத்திரமா? நீ சொன்னா அவர் கேப்பார். நான் சொன்னா ரேடியோ சத்தத்தைக் கூட்டிடுவார்.

அண்ணியைக் கேட்டதாச் சொல்லு. பாப்பா மாமாவுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னா.

உன்
வாலு

*

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் நலம். தைலம் தீர்ந்துவிட்டது, அழகுக்கு பாட்டில் மட்டும் இருக்கிறது. உன் பிரஷர் மாத்திரையை விடாமல் போடு.

நீ கேட்டது நல்ல கேள்வி. மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு.

தோட்டாவின் பின்பக்கத்தை ஓர் ஊசி குத்தினால் அது வெடிக்கும். பழைய பிஸ்டலில் அந்த ஊசி சும்மா ஒரு சுருள்கம்பியில் நிற்கிறது. உயரத்திலிருந்து வாய் கீழாக விழுந்தால் ஊசி தன் வேகத்திலேயே முன்னால் போய்க் குத்திவிடலாம். மாப்பிள்ளை நம்புகிற அந்தக் கட்டைவிரல் பூட்டு பின்னால் இருக்கிற சுத்தியைப் பிடிக்குமே தவிர ஊசியைப் பிடிக்காது. அதுவும் ஆள் ஞாபகமாகப் போட்டால்தான். அவசரத்தில் எடுக்கும்போது மறக்கும், வைக்கும்போதும் மறக்கும். அதனால்தான் பழசில் குழலைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

புதுசில் ஊசிக்குக் குறுக்கே ஒரு தடுப்பு நிற்கிறது. ட்ரிகரை இழுத்தால்தான் அது விலகும். உள்ளே இன்னும் இரண்டு தடை உண்டு, அவையும் ட்ரிகர் நகர்ந்தால்தான் விலகும். ஆள் மறந்தாலும் துப்பாக்கி மறக்காது. இங்கே நாற்பது துப்பாக்கியை நானே சிமெண்ட் தரையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு, பின்னால் ஊசி குத்தினால் வெடிக்கிற கேப் மட்டும் இருக்கிற தோட்டாவைப் போட்டுத்தான் பார்ப்போம். ஒன்றுகூட 'டப்' என்று சொல்லவில்லை.

விரல் படாமல் அது வெடிக்காது. இதை நான் எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளச் சொல்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு ரெண்டு பல் ஆடுது, வீடே அதைப் பத்தித்தான் பேசுது.

உன் லெட்டரை அவர் ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆள் மறந்தாலும் துப்பாக்கி மறக்காது"ங்கற இடம் வந்ததும், "மச்சான் சொன்னா சரிதான்"னு எழுந்து போய் குளிச்சிட்டார். மறுநாளே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார். உறை மட்டும் பழசுதானாம், புது உறை அடுத்த மாசம் வருமாம். கொஞ்சம் தொளதொளன்னு இருக்குன்னார்.

உன் லெட்டரை வண்டியிலயே வெச்சிருக்கார். பயப்படற ஆளுங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டறாராம். அவங்க வண்டி டிரைவர், அதான் எட்டு வருஷமா கூட ஓட்டறவர், "உங்க மச்சான் மந்திரியாப் போக வேண்டியவர்யா, இப்படிப் புரியற மாதிரி எழுதறாரே"ன்னாராம். தலையைத் தடவிக்கோ.

உன்
வாலு

*

ஏப்ரல் 9

அண்ணா,

உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கற நிலையில நான் இல்லை.

போன வெள்ளிக்கிழமை பெட்டி தூக்கற ஆள் வரலை. இவரே ரெண்டு பெட்டியை கைக்கு ஒண்ணா தூக்கிட்டு வண்டியில இருந்து குனிஞ்சு இறங்கியிருக்கார். குனிஞ்சதும் உறையில இருந்து பிஸ்டல் நழுவி இரும்புப் படியில விழுந்துச்சு. விழுந்ததும் வெடிச்சிடுச்சு. கீழே கதவைப் பிடிச்சிட்டு நின்ன டிரைவருக்குத் தொடையில. எலும்பு தூள் தூளாயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். காலை எடுக்க வேண்டி வரலாமாம்.

அந்த மனுஷன் மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல இவரைத்தான் கேட்டாராம், "உனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு.

இவரை வேலையில இருந்து நிறுத்திட்டாங்க, கேஸும் போட்டுட்டாங்க. புது பிஸ்டல் விழுந்து வெடிக்கவே வெடிக்காது, நீதான் எடுத்து விளையாடினேங்கறாங்க. இவர் சத்தியம் பண்றார். "நான் தொடவே இல்லை"ன்னு ஒரே வார்த்தைதான். சோறு இறங்கலை.

நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு அண்ணா. விழுந்தாலும் வெடிக்கலாம்னு ஒரு வரி. உன் வேலையே அதுதானே, உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். சீக்கிரம் எழுது.

வாலு

*

ஏப்ரல் 30

அன்புள்ள வாலுவுக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

டிரைவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று அண்ணியிடம் போனில் சொன்னாயாமே. 

உன் கடிதம் வந்த அன்றைக்கே அதே மாதிரி பிஸ்டல் ஆறு எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். வாய் கீழாக, பிடி கீழாக, இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாம். எங்கள் சோதனை முறைத்தாளில் இருக்கிறபடி ஒன்று விடாமல். வெடிக்கவில்லை, வாலு. நான் என்ன செய்யட்டும்? நடக்காததை நடக்கும் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சாட்சி.

மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு பொருள் கையை விட்டு நழுவினால் யாராக இருந்தாலும் சட்டென்று பிடிக்கப் போவோம். அப்போது விரல் ட்ரிகருக்குள் போய்விடும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் விரல் பட்டது ஞாபகமே இருக்காது. பிடிக்கப் போனேன், பட்டிருக்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டால் கவனக்குறைவு என்று லேசாக முடிந்துவிடும். பிடிவாதமாக இல்லை என்றால் கோர்ட்டில் கோபம்தான் வரும். வக்கீலிடம் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை விடாதே.

அண்ணன்

*

மே 14

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம்.

அவருக்கு ரெண்டு கையிலயும் பெட்டி இருந்துச்சு. எந்தக் கையால பிடிக்கப் போனார்னு நீங்களே சொல்லுங்க. பெட்டி ரெண்டும் கீழே விழலை. சத்தம் கேட்டப்புறம்தான் கீழே வெச்சிட்டு டிரைவரைத் தூக்க ஓடினார். இதைப் பார்த்த ஆள் யாரும் இல்லை. டிரைவர் கதவுப் பக்கம் திரும்பி நின்னார். "நான் பார்க்கலை, ஆனா இவன் அப்படிப்பட்டவன் இல்லை"ன்னு சொல்றார். பார்க்கலைங்கறதை மட்டும் எழுதிக்கிட்டாங்க.

தோட்டா கீழே இருந்து மேலே ஏறிப் போயிருக்குன்னு டாக்டர் சொன்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலை. எங்க வக்கீலுக்கும் தெரியலை.

இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் விசாரணையில கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வண்டியில கிடைச்சதாம். "குற்றம் சாட்டப்பட்டவருடைய மனைவியின் சொந்த அண்ணன், போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரர், அவரே எழுதியிருக்கிறார்"னு சொல்லி, விரல் படாமல் அது வெடிக்காதுன்னு சத்தமாப் படிச்சார். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தாங்க.

அவர் வீட்டுக்கு வந்து பாப்பாவோட நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். அப்புறம், "மச்சானைத் தப்பா நினைக்காதே, அவர் உண்மையைத்தான் எழுதினார்"னார். நீங்க கடைசியா எழுதினதையும் வாங்கிப் படிச்சார். மடிச்சுப் பையில வெச்சிக்கிட்டார்.

இப்படிக்கு,
தங்கை

*

ஜூன் 3

அன்புள்ள வாலுவுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன் ஐந்து வயதிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை.

லீவு கேட்டேன், வருஷாந்திர ஆயுதக் கணக்கெடுப்பு முடியாமல் கிடையாது என்றுவிட்டார்கள். உங்கள் வக்கீலுக்கு மூன்று தடவை போன் செய்தேன். "உங்கள் கடிதம் செய்த உபகாரமே போதும் சார்" என்று வைத்துவிட்டார். அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா? பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீ பதில் போடவில்லை. நான் இதை எழுதாமல் இருக்க முடியாது.

நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்து, ஒரு கேஸ் பேப்பரைப் படிப்பதுபோல் படித்தேன். இதுவரை தங்கச்சி கடிதமாகத்தான் படித்திருக்கிறேன். குனிந்தபோது நழுவியது என்று எழுதியிருந்தாய். இடுப்பில் இருப்பது குனியும்போது நழுவினால் பிடிதான் முதலில் வெளியே வரும், துப்பாக்கியின் பின்முனை கீழே பார்த்துச் சாய்ந்து விழும், வாய் மேலே பார்க்கும். தோட்டா கீழிருந்து மேலே ஏறியது என்று டாக்டர் சொன்னதும் அதற்குத்தான் பொருந்துகிறது. கையில் பிடித்துச் சுட்டிருந்தால், வண்டிமேல் நிற்கிற ஆளின் தோட்டா கீழே நிற்கிறவருக்குள் கீழ்நோக்கித்தான் போயிருக்கும். இது மே மாதமே என் கையில் இருந்தது, வாலு.

எங்கள் முறைத்தாளில் ஆறு விதமாகப் போடச் சொல்லியிருக்கிறது. அப்படிச் சாய்ந்து பின்முனை இடிக்கிற கோணம் அதில் இல்லை. இன்று காலை அதைச் செய்தேன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை 'டப்' என்றது.  அப்புறம் வேறு நான்கு பிஸ்டலைப் போட்டேன். அதில் இரண்டு வெடித்தன.

என்ன நடக்கிறதென்றால், துப்பாக்கி பின்முனையில் இடித்து நின்றுவிடுகிறது, ட்ரிகர் மட்டும் தன் கனத்தில் நிற்காமல் பின்னால் போய்விடுகிறது. யாரோ இழுத்தது மாதிரி. உள்ளே இருக்கிற மூன்று தடையும் ட்ரிகரை நம்பித்தானே நிற்கின்றன? அது நகர்ந்ததும் மூன்றும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டுவிடுகின்றன. பழசில் ஆபத்து எங்கே என்று எனக்குத் தெரியும், காட்டிக் கொடுக்க முடியும். புதுசில் இல்லவே இல்லை என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை தொடவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே அனுப்புகிறேன், வெளியே பேசாதே என்றார். தனித்தாளில் எல்லாவற்றையும் தேதி, நம்பரோடு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடு. வேலை போனால் போகட்டும்.

அண்ணன்

*

ஜூலை 27

அண்ணா,

உன் லெட்டர் வந்தது. தனித்தாளும் இருந்தது.

ஜூன் 28-ம் தேதியே தீர்ப்பு ஆயிடுச்சு. அதான் உனக்கு எழுதலை. எழுத எனக்குக் கை வரலை.

ஏப்ரல்ல நீ எழுதின யோசனையைத்தான் வக்கீலும் சொன்னார். பிடிக்கப் போனேன், விரல் பட்டிருக்கும்னு ஒத்துக்கிட்டா லேசா முடிஞ்சிடும்னார். இவர் உன் லெட்டரைப் பையில வெச்சிக்கிட்டே கோர்ட்டுக்குப் போனார். கூண்டுல நின்னு அப்படியே சொன்னார். எட்டு மாசம் போட்டாங்க. வக்கீல் எங்ககிட்ட வந்து "நல்லவேளை"ன்னார்.

அதுவரைக்கும் டிரைவர் வீட்டுல இருந்து யாராவது வந்துட்டுப் போவாங்க. இவர் ஒத்துக்கிட்டார்னு கேட்டதும் டிரைவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாராம். "எங்கிட்டயுமா பொய் சொன்னான்"னு ஒரே ஒரு தடவை கேட்டாராம். அவர் சம்சாரம் தெருவுல என்னைப் பார்த்தா அந்தப் பக்கம் போயிடறாங்க.

நேத்து ஜெயில்ல மனு போட்டு அவரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு உன் தனித்தாளை முழுசாப் படிச்சேன். மூணாவது தடவை 'டப்'புன்னு வெடிச்சதுங்கற இடத்தை ரெண்டு தரம் படிச்சேன். அவர் பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு சிரிச்சார். "மச்சான் எம்மேல இரக்கப்பட்டு எழுதறார்"னார்.

நான் கத்திட்டேன். "நீங்கதானே தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்க!"ன்னேன்.

"அப்ப ஞாபகம் இல்லை. இப்ப ஞாபகம் வருது. விரல் பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு"ன்னார்.

"ரெண்டு கையிலயும் பெட்டி இருந்துச்சே!"

"ஒண்ணை வெச்சிருப்பேன்"னார்.

அண்ணா, அவர் நடிக்கலை. எனக்கு அவர் முகம் தெரியும். நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறார். நான் இனிமே யார்கிட்ட போய் என்ன சொல்லட்டும்? அப்பீல் போடலாமான்னு வக்கீலைக் கேட்டா, அவரே ஒத்துக்கிட்டப்புறம் கஷ்டம், அவர் கையெழுத்து வேணும்ங்கறார். கையெழுத்துப் போட மாட்டேங்கறார்.

உன்மேல கோபமான்னு கேக்காதே. பாப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். கோபத்துக்கு எங்கே நேரம்.

வாலு

*

செப்டம்பர் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. இந்த மாதிரி பிஸ்டல் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, கனம் குறைந்த ட்ரிகர் போட்டுத் தருகிறார்கள். எல்லா ஊரிலும். குறை என்று எந்த வரியிலும் இல்லை. 'மேம்பாடு' என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை வக்கீலுக்கு அனுப்பினேன். மேம்படுத்தினார்கள் என்பதால் முன்பு கெட்டிருந்தது என்று ஆகாதாம்.

என்னைக் கிடங்கிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது பூட்ஸ், பெல்ட் கொடுக்கிற பிரிவு. ஒரு லாபம், லீவு கேட்டதும் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி வருகிறேன். உன் வீட்டுக்கு வரலாமா என்று தெரியவில்லை. ஜெயிலுக்கு நேராகப் போய் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறேன். நான் சொன்னால் கேட்பார் என்று நீதானே எழுதினாய்.

அண்ணன்

*

செப்டம்பர் 21

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சௌக்கியம். இங்கே தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள், தலையணை உறை தைக்கிறோம். நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அன்றைக்கு அவள் வீட்டில் உங்களைச் சாப்பிட வைத்தாள் என்று சொன்னாள். எனக்கு மனசு நிறைந்தது.

நீங்கள் அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பேனாவைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு, இப்படி விழும், இப்படி இடிக்கும், இது மட்டும் நகரும் என்று காட்டினீர்கள். வார்டர்கூடக் கிட்டே வந்து நின்று பார்த்தார். எனக்கு எல்லாம் புரிந்தது மச்சான். நான்தான் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அழுதபோதும் ஆட்டவில்லை.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். கண்ணை மூடினால் என் விரல் அதில் இருக்கிறது. அது எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த முதல் மாதம் இல்லை. கூண்டில் சொன்ன அன்றைக்கும் இல்லை. சொன்ன பிறகுதான் வந்தது. நீங்கள் சொல்கிறதை நம்பலாம். ஆனால் நம்பினால் நான் யார்மேலாவது கோபப்பட வேண்டும். கம்பெனிக்காரன் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு இருக்கிறது நீங்கள்தான். உங்கள்மேல் கோபப்பட்டால் அவளுக்கும் பாப்பாவுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? என் விரல்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு யோசனை வேண்டும். பிப்ரவரியில் வெளியே வந்ததும் முதலில் டிரைவர் வீட்டுக்குத்தான் போகப் போகிறேன். கதவைத் திறப்பாரா என்று தெரியாது. திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? நான்தான் என்று சொன்னால், எட்டு வருஷம் கூட இருந்தவன் காலை எடுத்தவன் ஆகிறேன். நான் இல்லை என்று சொன்னால், கோர்ட்டில் பொய் சொன்னவன் ஆகிறேன். ராத்திரியும் பகலும் தைத்துக்கொண்டே இதைத்தான் நினைக்கிறேன், முடிவு வரவில்லை.

நீங்கள் யோசித்து ஒன்று சொல்லுங்கள் மச்சான். நீங்கள் எழுதுகிறபடியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள்
மாப்பிள்ளை